நாடி கிடைக்காத தவமணி

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் ஒரு நர்ஸ் பிள்ளை குடியிருக்கிறது. குனோங் ராபாட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும். போன மாதம் ஒரு சாயங்காலம் கேட் பக்கம் நின்றுகொண்டு, "அம்மா, எங்க வார்டுல ஒருத்தவங்க வந்திருக்காங்க, இடது கையில நாடியே கிடைக்கல. டாக்டருங்க வரிசையா வந்து பிடிச்சுப் பாத்துட்டுப் போறாங்க. நாங்க யாரும் இப்படிப் பாத்ததே இல்ல" என்றது. நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து விடவில்லை. ஓய்வு பெற்றவர்கள் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கோடு போட்ட நோட்டு ஒன்றையும் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டது.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் பேசுவதற்குக் கூசுகிறவள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் பெட்பேன் கழுவியது, படுக்கை மாற்றியது, பிணத்தோடு லிப்டில் தனியாக இறங்கியது, இவ்வளவுதான் பயிற்சி. பிறகு என்னை இருதயக் கிளினிக்குக்கு மாற்றினார்கள். அது செவ்வாய்க்கிழமை மட்டும் நடக்கும். மற்ற நாள் வார்டு வேலை.

அந்தக் கிளினிக்கை நடத்தியவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். யாழ்ப்பாணத்தார் வம்சம், பிறந்தது இங்கேதான். ஆறடி உயரம், வெள்ளை முழுக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் அறைக்குள் நுழைந்தால் எனக்குக் கை வியர்க்கும். அட்டெண்டன்கள் டாக்டரிடம் நேராகப் பேசுவது அப்போது வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை நர்ஸிடம் சொல்ல வேண்டும், நர்ஸ் சிஸ்டரிடம் சொல்வார், சிஸ்டர் டாக்டரிடம் சொல்வார். எங்கள் சிஸ்டர் ஒரு சீன அம்மா. தங்கமான மனுஷி, ஆனால் அந்த ஏணியில் ஒரு படி தாண்டினாலும் பொறுக்க மாட்டார்.

பெரிய டாக்டர் நோயாளியைத் தொடும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு "கையைத் தாரும் பிள்ளை" என்பார். எழுபது வயதுக் கிழவியானாலும் பிள்ளைதான். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். மற்ற டாக்டர்கள் ஒரு கையில்தான் நாடி பார்ப்பார்கள். இவர் மட்டும் ஏன் இரண்டையும் பிடிக்கிறார் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. தவமணி வந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தவமணிக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். பீடோரிலிருந்து எட்டு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிற பெண். ஒரு வருடமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், உடம்பு வலி, எடை குறைந்துகொண்டே வந்தது. தோட்டத்து மருந்துக் கொட்டகை டிரசர் மலேரியா மருந்து கொடுத்தார், சத்து மருந்து கொடுத்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து இடது கையைத் தூக்கினால் கை மரத்துப்போக ஆரம்பித்தது. பால் வாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலி. டிரசர் ஒரு நாள் இடது கையில் நாடி பிடித்துப் பார்த்து, கிடைக்காமல், திரும்பவும் பிடித்து, "என்னா இது, உனக்கு நாடியே இல்லையே" என்று சொல்லிவிட்டார். அது தொழிலாளர் லயம் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, அவள் போனால் கங்காணி, "செத்தவங்களுக்கெல்லாம் இன்னைக்குப் பேர் போட மாட்டேன், வீட்டுக்குப் போ" என்று கேலி செய்வாராம். இதை என்னிடம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பெரிய டாக்டர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. பிறகு கழுத்தில் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்தார். தோள் எலும்புக்கு மேலே வைத்தார். வயிற்றில் வைத்தார். என்ன நினைத்தாரோ, குழாயை என் காதில் மாட்டி, "கேளும்" என்றார். நான் கேட்டேன். குழாயைப் பாதி மூடினால் தண்ணீர் பீறிடுமே, அந்த ஊஊ என்ற சத்தம். வலது கையில் பிரஷர் எக்கச்சக்கம். இடது கையில் பட்டியைக் கட்டினால் ஒன்றுமே கேட்கவில்லை. வலது கைப் பிரஷர்தான் உண்மை, இடது கையை நம்பினால் ஆளைக் கொன்றுவிடுவோம் என்று சிஸ்டரிடம் சொல்லி, கார்டில் சிவப்பு மையில் "வலக்கை" என்று எழுத வைத்தார்.

படம் எடுக்கக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். திரும்பி வந்த பிறகு அவளையும் புருஷன் முருகையாவையும் உட்கார வைத்து விளக்கினார். நான் கதவோரம் நின்று கேட்டேன். இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய இரத்தக் குழாயின் சுவர் வீங்கிப் புண்ணாகி இருக்கிறது. அந்த வீக்கம் கைக்குப் போகிற கிளையை அடைத்துவிட்டது. இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற சின்னக் குழாய் கிளம்புகிற வாயையும் நெருக்குகிறது.

"குழாய் உள்ளுக்கு நல்லாத்தான் இருக்கு. வாசல்தான் அடைபடுது" என்றார். "காலில இருந்து ஒரு நரம்பு எடுத்து வேற வாசல் வைக்கலாம். கோலாலம்பூரில செய்வினம். ஆனா புண் ஆறாமத் தைச்சா தையல் பிடிக்காது. முதல் புண் ஆற வேணும்."

முருகையா, "எப்ப ஆறும் டாக்டர்?" என்றார்.

"மூண்டு முறை இரத்தம் பாத்து, மூண்டு முறையும் நல்லா இருந்தா நான் கடிதம் எழுதுவன்."

அந்த இரத்தம் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். நீளமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஒரு மணி நேரம் விட வேண்டும். சிவப்பு கீழே படியும், மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு உடம்பில் வீக்கம் என்று கணக்கு. இருபதுக்குள் இருந்தால் நல்லது. தவமணிக்கு முதல் தடவை நூறுக்குப் பக்கம் இறங்கியது.

மருந்து சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. முதலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரத்தத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேறு மாத்திரை, வெளிச்சம் படாத பழுப்பு பாட்டிலில். மூத்திரத்தில் சர்க்கரை ஏறுகிறதா என்று பார்ப்பது என் வேலை. சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் கொதிக்க வைப்பேன். நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறம் வந்தால் கெட்டது. வெள்ளை மாத்திரையை ஒரு நாளும் பட்டென்று நிறுத்தக் கூடாது என்று பெரிய டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுக்க மாட்டார். கொடுத்தால் வர மாட்டார்கள், வராவிட்டால் யார் பார்ப்பது என்பது அவர் கணக்கு.

தவமணி முதல் பஸ்ஸைப் பிடித்துப் பத்து மணிக்கு வந்து சேர்வாள். அவள் கார்டை நான்தான் எடுத்து வைப்பேன். இரத்தம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரம் என்னோடு பின்பக்க பெஞ்சியில் உட்கார்ந்திருப்பாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பாலும் வாழை இலையில் கட்டிக்கொண்டு வருவாள். நான் அதிகம் பேச மாட்டேன். அவள் இருவர் பேச்சையும் சேர்த்துப் பேசுவாள். மாத்திரையால் முகம் வீங்கி நிலா மாதிரி ஆகிவிட்டது. "புருசன் சம்பாரிச்சுப் போடுறாரு, கன்னத்தப் பாருன்னு பேசுறாளுங்கக்கா. உப்பில்லாத கஞ்சி குடிச்சு வந்த கன்னம்னு எவளுக்குத் தெரியும்" என்பாள். எனக்குக் கல்யாணமாகவில்லை. ஹாஸ்டல் அறையில் என்னோடு இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எனக்கென்று ஓர் ஆள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான்.

ஐந்து மாதத்தில் இரத்தம் இருபதுக்குள் வந்தது. அடுத்த தடவையும் இருபதுக்குள். இன்னும் ஒன்றுதான். பெரிய டாக்டர் கோலாலம்பூருக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பாதி எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அதை நானே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது.

தோட்டத்தில் வளராதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். திருவிழாவுக்குக் கொடியேற்றி, வேண்டுதல் உள்ளவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டால், அவிழ்க்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீட்டுக்குக் கூட வெளியே போக மாட்டார்கள். அந்த வருடம் தவமணி, ஆபரேஷன் நல்லபடி நடக்க வேண்டுமென்று பால்குடம் வேண்டிக்கொண்டிருந்தாள். முருகையாவும் அதற்காகவே காப்புக் கட்டினார். அவள் கிளினிக்குக்கு வர வேண்டிய செவ்வாய்க்கிழமை காப்பு நாட்களுக்குள் விழுந்தது.

காப்புக்கு முந்தின கிளினிக்கில், மாத்திரை வாங்கி முடித்த பிறகு, நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு வாரம் கழிச்சு வர்ற செவ்வா என்னால வர முடியாது. டாக்டர்கிட்ட ஒரு வாரத்துக்குச் சேத்து மாத்திர வாங்கி பீடோர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடுறீங்களா? எங்க தோட்டத்து வாசல்ல இறக்கிருவாரு."

"நீயே கேளேன்."

"அவரு முகத்தப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கிது. நீங்க அங்கயே இருக்கிறவங்கதானே."

நான் சரி என்றேன். எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் வார்டு சுற்றும்போது பின்னாலேயே தட்டை ஏந்திக்கொண்டு நடந்தேன். சிஸ்டர் பக்கத்தில் இருந்தார். கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அறைக் கதவு வரை போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். சிஸ்டரிடமாவது சொல்லலாம் என்று போனால், அவர் அன்றைக்கு யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தார். இப்படியே அந்த இரண்டு வாரத்தில் ஆறு நாள் அந்தக் கதவில் நின்றேன். பிறகு எனக்குள்ளேயே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் கெட்டிக்காரி, யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்வாள் என்று. அவள் வர வேண்டிய செவ்வாய்க்கிழமை அவள் கார்டு கூப்பிடப்பட்டு, ஆள் இல்லை என்று திரும்பி அடுக்கில் போனது. பெரிய டாக்டர் "எங்க அந்தப் பிள்ளை?" என்று பொதுவாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் யாரையும் அனுப்பவில்லை. அக்கா அனுப்புவார் என்று தினமும் மூன்று மணி பஸ்ஸுக்கு வாசலில் போய் நின்றிருக்கிறாள். கையிலிருந்த மாத்திரையைக் காப்புக் கட்டிய நாளிலிருந்து பாதியாக்கி, பிறகு காலாக்கி, கடைசி மூன்று நாள் ஒன்றும் இல்லை. பால்குடத்தன்று வெயிலில், கோயிலுக்குப் பத்தடி முன்னால், வாந்தி எடுத்து உடம்பு உதறிக் கீழே விழுந்தாள். அம்மன் வந்துவிட்டாள் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். உடுக்கை அடித்தார்கள். வேப்பிலையால் முகத்தில் வீசினார்கள். யாரம்மா நீ, என்ன வேண்டும் என்று பூசாரி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அரை மணி நேரம் அப்படிப் போயிருக்கிறது. முருகையாதான் அவள் கை மடியில் பழுப்பு பாட்டிலைத் தேடுவதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தள்ளினார். காப்போடு இரண்டு பேரும் தோட்டத்து லாரியில் எல்லையைத் தாண்டி வந்தார்கள்.

வார்டில் தூக்கிப் போட்டபோது தலையில் பூ இருந்தது, நெற்றியில் மஞ்சள் காயாமல் இருந்தது. உதடு நீலம். வலது கையிலேயே பிரஷர் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார், குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார், மூன்று நாள் படுக்கையை விட்டுப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். இருதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. மிச்சம் பிழைத்தது. கண்ணாடிக் குழாயில் இரத்தம் இறங்குகிற கணக்கு திரும்பவும் எண்பதுக்குப் போய்விட்டது. மேசை இழுப்பறையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

நாலாம் நாள் அவளுக்குப் பேச்சு வந்தது. பெரிய டாக்டர் கட்டிலருகில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"வர ஏலாதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா மருந்து தந்திருப்பன்தானே."

தவமணியின் கண் என் பக்கம் வந்தது. நான் காலடியில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் அந்தக் கண் என் மேல் நின்றது.

"மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாயங்காலம் சிஸ்டர் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பெரிய டாக்டர் அறைக் கதவில் போய் நின்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போகவில்லை.

"டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "தவமணி மறக்கல. எங்கிட்ட சொல்லிச்சு. உங்ககிட்ட கேட்டு வாங்கி அனுப்பச் சொன்னிச்சு. நான்தான் கேக்கல."

பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் கேக்கேல்லை?"

"பயம் டாக்டர். ஆறு நாள் இங்க வந்து நின்னேன்."

"இந்தக் கதவிலயோ?"

"ஆமாங்க டாக்டர்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில், "ஆறு நாளும் நான் நிமிந்து பாக்கேல்லை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார். "போம். போய் அந்தப் பிள்ளையைப் பாரும்."

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் அறையில் எனக்கு ஒரு முக்காலி போடப்பட்டது. ஒவ்வொரு நோயாளியும் வெளியே போனதும் என் பக்கம் திரும்பி, "உமக்கு ஏதும் தெரியுமோ?" என்பார். முதலில் வாய் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொல்லப் பழகினேன். இந்தத் தாத்தா மாத்திரையை மகனுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறார் டாக்டர். அந்த அம்மா உப்பைக் குறைத்தேன் என்கிறது, ஆனால் கருவாடு மூன்று வேளையும் உண்டு. டாக்டரிடம் மறைத்ததையெல்லாம் நடையில் எங்களிடம் சொல்லிவிட்டுத்தானே உள்ளே போவார்கள். சிஸ்டர் முதலில் முகம் சுளித்தார். போகப்போக அவரே, "முக்காலியைக் கேளுங்கள் டாக்டர்" என்று மலாயில் கேலி செய்தார்.

தவமணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும்தான் வாய் இருந்திச்சு. நானும்தான கேக்கல. ரெண்டு ஊமைங்க சேந்தா இப்படித்தான்" என்றாள். திரும்பவும் பன்னிரண்டு மாத்திரையிலிருந்து ஆரம்பித்தார்கள். மரம் சீவ இனி முடியாது. தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை வாங்கிக் கொடுத்தார் கங்காணி. பேர் போட மாட்டேன் என்று கேலி செய்தாரே, அவர்தான். இரத்தக் கணக்கு மட்டும் குறையவே மாட்டேன் என்றது. ஒரு தடவை இருபத்தைந்து, அடுத்த தடவை நாற்பது. மாத்திரையைக் குறைத்தால் ஏறும், கூட்டினால் சர்க்கரை ஏறும். நெஞ்சு வலி இப்போது நடந்தாலே வந்தது. கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்ப இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது என்றாள். நாள் போகப்போக ஆபரேஷனைத் தாங்குகிற சக்தியும் குறையும் என்று சிஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பதினோரு மாதம் போய், அடுத்தடுத்து இரண்டு தடவை இருபதுக்குள் வந்தது. மூன்றாவது இரத்தம் எடுக்க வேண்டிய செவ்வாய் எப்போது விழுந்தது என்று நினைக்கிறீர்கள். திரும்பவும் காப்பு நாளுக்குள்தான்.

பெரிய டாக்டர், "இந்த முறை கட்ட வேண்டாமே" என்று கேட்டுப் பார்த்தார்.

தவமணி தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் வாய் திறந்து சொன்னாள். "போன வருசம் பால்குடம் பாதியில நின்னுருச்சு டாக்டர். அத முடிக்காம கத்திக்குக் கீழ படுக்க எனக்கு மனசு வல்ல."

அவர் கோபிக்கவில்லை. "எல்லை எது?" என்று மட்டும் கேட்டார்.

"வாசல்ல ஒரு வாய்க்கா பாலம் இருக்கு. அதான் எல்ல."

"தோட்டத்துக்குள்ள வந்து நான் வைத்தியம் பாக்கிறதெண்டா துரைக்கு எழுதிக் கேக்க வேணும். ஒரு மாசம் ஆகும். பாலத்துக்கு இங்கால ரோட்டு ஆருடையது?"

"அது கவர்மெண்டு ரோட்டு டாக்டர்."

"அப்ப சரி. உமக்கு அம்மன்ட எல்லை, எனக்குத் துரையின்ட எல்லை. ரெண்டும் ஒரே பாலந்தான். நீர் அங்கால நில்லும், நான் இங்கால நிக்கிறன். பால்குடத்தைப் புருஷன் தூக்கட்டும். நீர் கையில ஒரு சின்னச் செம்பு பிடிச்சாப் போதும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தன் பழைய காரிலேயே கிளம்பினார். பின்சீட்டில் நான். மடியில் பிரஷர் பெட்டி, ஊசி, ஐஸ் போட்ட தெர்மோஸ். வாழ்க்கையில் நான் கார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கம்பார் தாண்டும்போது, "உமக்குத் தலை சுத்துதோ?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். இல்லை டாக்டர் என்றேன். வேறொன்றும் பேசவில்லை. ஆனாலும் அந்தப் பயணம் எனக்கு நீண்ட பேச்சு மாதிரியே நினைவிருக்கிறது.

பாலத்தில் தோட்டமே கூடி நின்றது. கோயில் தலைவர் மர நாற்காலி ஒன்றைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் சரியாகப் போட்டு, தவமணியை உட்கார வைத்திருந்தார். மஞ்சள் புடவை, கையில் காப்பு. பெரிய டாக்டர் காரை இந்தப் பக்கம் ஓரத்தில் நிறுத்தினார். அவர் கால் ரோட்டிலும் அவள் கால் தோட்டத்திலும் இருந்தது. கை மட்டும்தான் நடுவில். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "கையைத் தாரும் பிள்ளை" என்றார். இரண்டு கையையும் பிடித்துக் கண்ணை மூடினார். அத்தனை கூட்டத்தில் ஒரு குழந்தை கூடச் சத்தம் போடவில்லை. கங்காணிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மன் ஊர்வலம் எல்லையோட நிக்கும், டாக்டர் ஊர்வலம் எல்லை வரைக்கும் வந்துருச்சுலா" என்றார். பெரிய டாக்டர் சிரித்தார். அவருக்கு முன்பல்லில் ஒன்று கோணல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரத்தத்தை எடுத்து பாட்டிலில் விட்டு என்னிடம் கொடுத்தார். தவமணி என்னைப் பார்த்து, "அக்கா, ரெண்டு வருச விரதத்தயும் ஒங்க மடியில குடுத்திருக்கேன், பத்திரமா கொண்டு போங்க" என்றாள். திரும்பி வருகிற வழி முழுவதும் அந்த பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஆய்வுக்கூடத்து ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய டாக்டரே குழாயில் இரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தார். "நீர் நில்லும். ஒரு மணித்தியாலம் ஆனதும் என்னைக் கூப்பிடும்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். நான் உட்காரவில்லை. சிவப்பு ஒரு மயிரிழை இறங்கும், நிற்கும், திரும்ப இறங்கும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்காதே என்று இரத்தத்திடம் கெஞ்சினேன். ஒரு மணி நேரத்தில் பதினாறில் நின்றது.

நான் போய்க் கதவைத் தட்டினேன். "பதினாறு டாக்டர்" என்றேன். அவர் ஏற்கனவே கடிதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோலாலம்பூரில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் கழித்து நெஞ்சிலும் காலிலும் தையலோடு வந்து நின்றாள். "காலு நரம்ப எடுத்து நெஞ்சுல வச்சிட்டாங்கக்கா. இனிமே நெஞ்சு நடக்கும், நான் சும்மா ஒக்காந்திருக்கலாம்" என்றாள். ஆனால் உட்காரவில்லை. நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எனக்கு நடந்து காட்டினாள். நடுவில் நிற்கவேயில்லை. மாத்திரை ஒன்றரைக்கு வந்தது. முகம் வற்றிப் பழைய முகம் தெரிந்தது. நோயில்லாமல் நான் பார்த்தேயிராத முகம் அது. அழகாக இருந்தாள்.

இன்னும் ஒன்றரை வருடம் செவ்வாய்க்கிழமைகளில் வந்தாள். பிறகு ஒரு நாள் பெரிய டாக்டர், இரத்தம் ஆறு தடவையாக ஒரே மாதிரி இருக்கிறது, இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், பக்கத்து ஊர்க் கிளினிக்கிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம், வலது கைப் பிரஷரை மட்டும் பார்க்கச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றார். முருகையா கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய டாக்டர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "உமக்கு ஏதும் தெரியுமோ?" என்றார்.

எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவையாவது இங்கே வரச் சொல்லுங்கள் டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? நன்றாக இருக்கிற ஆளை, என்னோடு ஒரு மணி நேரம் பெஞ்சியில் உட்காருவதற்காக இரண்டு பஸ் மாறி வரச் சொல்வதா? ஒன்றும் இல்லை டாக்டர் என்றேன்.

பின்பக்க பெஞ்சியில் கடைசித் தடவையாக உட்கார்ந்தோம். அன்றைக்குக் கிழங்கு நன்றாக வெந்திருந்தது. அவளும் அதிகம் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து, "ஒரு நாளைக்குத் தோட்டத்துக்கு வாங்கக்கா" என்றாள். வருகிறேன் என்றேன். அடுத்த லீவுக்குப் போகலாம், அதற்கு அடுத்த லீவுக்குப் போகலாம் என்று நாலைந்து வருடம் போய்விட்டது. கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது, முருகையா வீட்டில் இருந்தால் என்ன பேசுவது என்று ஏதாவது ஒரு கூச்சம். அப்புறம் அந்தத் தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டார்கள். லயத்துச் சனங்கள் கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போனார்கள். பெரிய டாக்டரும் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவில் மகளிடம் போய்விட்டார்.

கிளினிக்கில் நான் மேலும் பல வருடம் இருந்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் கதவு திறந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். வருகிறவள் அவளாக இருக்க வேண்டும் என்று நெஞ்சு ஒரு பக்கம் ஆசைப்படும். அவள் அந்தக் கதவைத் திறந்து வந்தால் நோய் திரும்பிவிட்டது என்றுதான் அர்த்தம், அதனால் வரக் கூடாது அம்மா என்றும் அதே நெஞ்சு வேண்டிக்கொள்ளும். வேலையை விட்டு வந்த நாள் வரைக்கும் அவள் வரவில்லை.